சும்மா கிடந்த மூன்று ஓட்டைகள்

பொத்தானை அமுக்கினால் கம்ப்யூட்டர்ப் பெட்டிக்குப் பின்னால் இருந்த விசிறி கால்சுற்று சுற்றும். உடனே நின்றுவிடும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மதுரையிலிருந்து அன்றுதான் வந்து இறங்கியிருந்த திரை, கழுவிக் கவிழ்த்த வாணலி மாதிரி கறுப்பாக இருந்தது.

வேல்சாமி ஐந்தாவது தடவையாக அமுக்கிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். சனிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். வெளியே ஐப்பசி மழை நின்றும் நிற்காமலும் ஓட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

"கரண்டு இருக்காட்டி?"

"தலைக்கு மேல லைட்டு எரியுதுல்ல" என்றாள் சீனியம்மாள். டார்ச்சை அவன் கை போகிற பக்கமெல்லாம் அடித்து அடித்து அவளுக்குத் தோள் கடுத்தது.

வாசல்படியில் உட்கார்ந்திருந்த அவளுடைய மாமனார் சுயம்புலிங்கம் திரும்பிப் பார்க்காமல் சொன்னார். "ஏத்தா, பிளக்கு நல்லா உக்காந்திருக்கான்னு பாக்கச் சொல்லு."

"பாத்தாச்சுன்னு சொல்லு" என்றான் வேல்சாமி.

அவள் யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஆறடி தூரம்கூடக் கிடையாது. ஆனாலும் இரண்டு வருஷமாக அப்பனும் மகனும் அவள் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். தண்ணீர் வந்துவிட்டது, ரேசன் கடை திறந்துவிட்டது, தெற்குத் தெருவில் ஒரு சாவு என்று எல்லாமே 'சொல்லு' என்ற ஒரு சொல்லைத் தாண்டித்தான் போகும். ஆரம்பத்தில் அவள் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். காது இருக்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

சுயம்புலிங்கம் ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் முப்பத்தோரு வருஷம் ஃபிட்டர். வேல்சாமி அதே மில்லில் எலக்ட்ரீசியன். மில்லில் ஒரு நோட்டு உண்டு. எந்த மிஷின் நின்றாலும் அதில் எழுதியாக வேண்டும். தேதி, மிஷின், கோளாறு, காரணம், பொறுப்பு, நடவடிக்கை என்று ஆறு கட்டம். முதல் ஐந்தை ஃபிட்டர் எழுதுவார். ஆறாவதை மேனேஜர் சிவப்பு மையில் எழுதுவார். ஒருநாள் ஸ்பின்னிங் பகுதியில் ஒரு மோட்டார் கருகிப் போனது. சுயம்புலிங்கம் திறந்து பார்த்தார். உள்ளே வயரைப் பிடிக்கிற திருகு முடுக்கப்படாமல் இருந்தது. முந்தின ஷிப்டில் அதைக் கழற்றி மாட்டியவன் வேல்சாமி. அவர் காரணத்தை எழுதினார். பொறுப்பு என்ற கட்டத்தில் மகன் பெயரையும் எழுதினார். ஆறாவது கட்டத்தில் மேனேஜர் ஒரே சொல்தான் எழுதினார். நீக்கம்.

"ஒரு திருகுக்கு ஒம் மாமா எம் பேர எழுதிட்டாருட்டி" என்றுதான் அன்றைக்கு வேல்சாமி வீட்டுக்குள் வந்தான். அதற்குப் பிறகு அப்பனோடு பேச்சு இல்லை. சுயம்புலிங்கம் மறு வருஷம் ஓய்வு பெற்று வந்தார். மில் கொடுத்த சில்வர் குடத்தையும் தன்னுடைய குறடையும் கொண்டுவந்து பின்கட்டில் வைத்தார். அவரும் தானாகப் போய்ப் பேசவில்லை. எழுதியதில் பிழை இருந்தால்தானே பேசுவதற்கு என்று நினைத்தாரோ என்னவோ.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சம்பாத்தியம் சீனியம்மாளுடையதுதான். தமிழும் இங்கிலீஷும் டைப் அடிப்பதில் ஹையர் பாஸ் பண்ணியவள். பழைய பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் சௌந்தரபாண்டியன் என்பவர் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் ஐந்து வருஷம் இருந்தாள். அங்கே இருக்கும்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரில் ஒரு அறை காலியாவது தெரிந்தது. வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்ந்த காசிராஜன் என்பவருடைய அறை. பிராது, வாய்தா மனு, வாக்குமூலம் என்று நாள் முழுக்க வேலை வந்து விழுகிற இடம். அவள் நேராகப் போய்க் கேட்டாள். சௌந்தரபாண்டியனும் அதே அறையைக் கேட்டிருந்தார். காசிராஜன் மூக்குப்பொடியை உறிஞ்சிவிட்டு ஒரே பேச்சாகச் சொன்னார்.

"ரெண்டு வாரம் கழிச்சு, திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு எம் முன்னால கம்ப்யூட்டர் ஓடணும். நான் சொல்லச் சொல்ல ஒரு மனு அடிச்சுக் கையில குடுக்கணும். ஒனக்கு முதல் வாய்ப்புத் தாரேன், நீ முதல்ல வந்தவ. மிஷின் இல்லாம வந்தா பத்தே காலுக்கு அவருகிட்டச் சாவியக் குடுத்துருவேன்."

மறுநாளே சௌந்தரபாண்டியன் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். ஆகவே இனி இந்த அறைதான் என்று ஆனது. அவளுடைய தாலிக்கொடி கம்ப்யூட்டராக ஆகிக்கொண்டிருந்தது. கழுத்தில் மஞ்சள் கயிறு. கடையில் ஆயத்தமாக வாங்கினால் கட்டுப்படியாகாது என்று வேல்சாமி சாமான்களைத் தனித்தனியாக வாங்கிவந்து தானே பூட்டினான். மதுரையில் ஒரு கடையில் பத்து நாள் நின்று பார்த்துப் பழகி வந்திருந்தான்.

வெள்ளிக்கிழமை பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் படுக்கவைத்தான். தகட்டில் அங்கங்கே ஓட்டைகள். அதில் சின்னச் சின்ன பித்தளைக் கால்களைத் திருகி நிறுத்தினான். அந்தக் கால்களின் மேல்தான் போர்டு உட்காருமாம், தகட்டைத் தொடக் கூடாதாம். பொட்டலத்தில் ஒன்பது கால் இருந்தது. ஆறு போதும் என்று மூன்றை அவள் கையில் கொடுத்து, "பத்திரமா வையி, ஒண்ணு தொலஞ்சாலும் மதுரைக்குத்தான் போகணும்" என்றான். அவள் பட்டன் டப்பாவில் போட்டாள். போர்டைப் பூட்டுவதற்குள் கரண்டு போய்விட்டது. சனிக்கிழமை விடியற்காலை திரையும் பிராசசரும் வாங்க மதுரைக்குப் போனான். சாயங்காலம் நனைந்துகொண்டே வந்து, துண்டால் தலையைத் துவட்டிய கையோடு, தகட்டை மறுபடி பார்க்காமலே போர்டை உட்காரவைத்து முடுக்கினான். முடுக்கி முடித்து அமுக்கியபோதுதான் இந்தக் கால்சுற்று.

"நேத்து நீ சாம்பிராணி போட்டேல்ல?" என்றான் தரையில் உட்கார்ந்தபடி.

"வெள்ளிக்கெழம போடாம என்ன செய்வாக?"

"புகை உள்ள போயிருக்கும்."

"ஒங்க வாயில இருந்து போற பீடிப் புகைய விடவா?"

திருப்புளியைச் சுவரோரம் வீசினான். அது உருண்டு போய் அவனுடைய அப்பாவின் காலடியில் நின்றது. அவர் எடுத்து, வேட்டியில் துடைத்து, படியில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை விட்டிருந்தது. மேற்கே மலை கழுவிவிட்ட மாதிரி பக்கத்தில் தெரிந்தது. பார்க்கத்தான் ஆள் இல்லை. வேல்சாமி விடிந்ததிலிருந்து பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். ஒயரை மாற்றினான். திரைக்குப் போகிற ஒயரைப் பிடுங்கி இதில் குத்தினான். எதிர்வீட்டுப் பிளக்கில் கொண்டுபோய் மாட்டினான். ராம் என்கிற நினைவுத் தகட்டைக் கழற்றி, அதன் பல்லை ரப்பரால் தேய்த்து, ஊதி, மறுபடி சொருகினான். ஒவ்வொரு தடவையும் அதே கால்சுற்று.

"ஒரு ஹேர்பின் குடுட்டி."

அவள் கொண்டையிலிருந்து உருவிக் கொடுத்தாள். அவன் போர்டிலிருந்து பெரிய ஒயர்க் கொத்தைப் பிடுங்கி, பச்சை ஒயர் ஓட்டையிலும் கறுப்பு ஒயர் ஓட்டையிலும் அந்தப் பின்னை வளைத்துச் சொருகினான். சுவிட்சைப் போட்டான். விசிறி நிற்காமல் சுற்றியது. அவளுக்குச் சந்தோஷம் பொங்கிவிட்டது.

"ஓடுதே."

"சந்தோசப்படாத. கரண்டு குடுக்கிற டப்பா நல்லா இருக்குன்னு அர்த்தம். அப்ப போர்டுதான் செத்துப் போச்சு." பின்னை அவள் மேல் எறிந்தான். "எந்த நேரத்துல தாலிய அவுத்துக் குடுத்தியோ."

"நல்ல நேரம் பாத்துக் குடுக்க நீங்க எனக்கு ஜோசியமா பாத்தீங்க? கேட்டீங்க, குடுத்தேன்."

தெருமுனை பூத்திலிருந்து மதுரைக் கடைக்குப் போன் போட்டான். அடித்துக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை யார் எடுப்பார்கள்.

பதினோரு மணிக்கு வாசலில் ஸ்கூட்டர் நின்றது. சௌந்தரபாண்டியன் செருப்பைக் கழற்றாமலே நடைக்குள் வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. கையில் பால்கோவாப் பொட்டலம். எண்ணெய் கசிந்த தாள் இன்னும் சூடு ஆறவில்லை. அதைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, மனுசன் காலையிலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் போய்க் காசிராஜனைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்.

"என்ன சீனியம்மா, மிஷின் ஓடுதா? சத்தமே இல்லயே."

"ஓடும்" என்றாள்.

"ஓடுறது இருக்கட்டும். எந்திரிச்சு உக்காந்திருச்சா?" குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். "போர்டு போயிருச்சு வேலு. இதெல்லாம் கைரேகை பட்டாலே போயிரும். மோட்டார் கட்டுற கையி இதுல வைக்கலாமா?"

வேல்சாமி எழுந்து நின்றான். "நீங்க எதுக்கு வந்தீங்க?"

"இனிப்புக் குடுக்க வந்தேன். அஞ்சு வருசம் எங்கிட்ட இருந்த பிள்ளை. நாளைக்கு அறைச் சாவி எங் கைக்கு வந்ததும் இவளையே அங்க உக்கார வைக்கலாம்னு ஒரு ரோசனை. எனக்கும் ஆளு வேணும்ல? பழைய சம்பளத்துல பாதி. எதிர்க்கடை போட நெனச்சதுக்குப் பாதியப் பிடிச்சுக்கிறது நியாயம்தான." பொட்டலத்தைத் திரைக்கு மேல் வைத்தார்.

சீனியம்மாள் அதை எடுத்து அவர் கையிலேயே திணித்தாள். "ஈ மொய்க்கும் சார். கொண்டு போங்க."

"ஒன் வாயில மட்டும் பவர் குறையவே இல்ல" என்று சிரித்துக்கொண்டே வெளியே போனார். வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவரைப் பார்த்து, "ஐயா, மில்லுல ஒங்க மகன் முடுக்காம விட்ட திருகு இங்கயும் எங்கயும் கெடக்கா பாருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்கூட்டரை உதைத்தார்.

சுயம்புலிங்கம் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். வேல்சாமி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"ஊரு முழுக்க எம் பேரச் சொல்லி வச்சிருக்காருல்ல. கேட்டுக்கிடச் சொல்லு."

மத்தியானம் சீலாக் கருவாடும் கத்தரிக்காயும் போட்டுக் குழம்பு வைத்திருந்தாள். வேல்சாமி சோற்றைப் பிசைந்து இரண்டு கை வைத்துவிட்டுத் தட்டை நகர்த்தினான். கை கழுவிவிட்டு வந்து பெட்டிக்குப் பக்கத்திலேயே வெறுந்தரையில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்தான். ராத்திரி தூங்காதவன், செத்த நேரத்தில் மூச்சு இழைய ஆரம்பித்தது.

அவள் எச்சில் தட்டை எடுத்துப் போட்டுவிட்டு, தரையில் கிடந்த ஹேர்பின்னைப் பொறுக்கினாள். வளைந்துபோனது, கொண்டைக்கு ஆகாது. பட்டன் டப்பாவில் போட்டுவைக்கலாம் என்று மூடியைத் திறந்தாள்.

ஊக்கு இருந்தது. கொக்கி இருந்தது. ஒற்றைக் கம்மல் இருந்தது. பித்தளைக் கால் மூன்றையும் காணோம்.

டப்பாவைத் தரையில் கொட்டிக் கையால் அளைந்து பார்த்தாள். இல்லை. வேல்சாமி எடுத்திருந்தால் கேட்டுத்தான் எடுத்திருப்பான், டப்பா எங்கே இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது. வீட்டில் இன்னொருத்தர்தான் உண்டு.

பின்கட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சுயம்புலிங்கம் குத்தவைத்து உட்கார்ந்து குறடை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு அது ஒரு வேலை. குறடின் வாயில் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. பித்தளைப் பொடி.

"மாமா, பட்டன் டப்பாவுல மூணு பித்தளைக் கால் போட்டு வச்சிருந்தேன்."

"ஆமா. நீ அதுல போடுறதப் பாத்தேன், நாந்தான் எடுத்தேன்."

"எதுக்கு?"

"நேத்துக் காலைல அவன் மதுரைக்குப் போன பொறவு பெட்டியப் பாத்தேன். தகட்டுல மூணு ஓட்டை சும்மா கெடந்துச்சு." குரலில் ஒளிவு மறைவு இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "ஓட்டை போட்டிருக்கான்னா எதுக்குப் போட்டிருக்கான்? ஆணி போடத்தான. மில்லுல ஒரு ஓட்டைய நான் சும்மா விட்டதில்ல. ஆட்டம் குடுக்கும். அவனுக்கு எப்பவுமே பாதி முடுக்கிப் பாதிய விடுற புத்தி. அவங்கிட்டச் சொல்லவா முடியும்? நானே போட்டு, ஒம்போதையும் குறடு வச்சு நல்லா முடுக்கிட்டேன்."

"அப்ப போர்டு மேல இருந்துச்சா?"

"போர்டு ஏது அப்ப? வெறும் தகடுதான். போர்ட அவன் சாயங்காலம் வந்துல்ல..."

அங்கேயே நிறுத்திவிட்டார். குறடு கையில் அப்படியே இருந்தது. அவளுக்கு எதுவும் விளங்கவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கு விளங்கிவிட்டது தெரிந்தது. முப்பத்தோரு வருஷம் மிஷினைத் திறந்து காரணம் எழுதிய மனுசன்.

"ஏத்தா, அந்தப் போர்டுல ஓட்டை எத்தன?"

"ஆறு. ஆறு திருகுதான் போட்டாக."

"அப்ப என் மூணு கால் எங்க நிக்கும்? போர்டு அடியில முட்டிக்கிட்டு நிக்கும். அடியில பூராம் ஈயப் பத்து. பித்தளை அதுல தொட்டா தகட்டுக்கு இறங்கும், தகடு எர்த்து. எப்படிக் கெளம்பும்?" குறடைத் தரையில் வைத்தார். "செத்துப் போகல. உயிர் இருக்கு. நாந்தான் கழுத்தப் பிடிச்சிக்கிட்டிருக்கேன்."

அவள் திரும்பி உள்ளே பார்த்தாள். வேல்சாமி அசையாமல் படுத்திருந்தான்.

"மாமா, அவிய எந்திரிக்கிறதுக்குள்ள எடுத்துருவோம். நான் என்னமும் சொல்லிச் சமாளிச்சுக்கிடுதேன். ஒயரு லூசா இருந்துச்சுன்னு சொல்லிருவேன். நீங்க வாயத் திறக்காதீங்க."

அவர் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கையை மண்ணெண்ணெய் போகச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டு அவள் பின்னால் வந்தார்.

இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கி அடுப்படிக்குக் கொண்டுபோனார்கள். அவள் ஒவ்வொரு ஒயரையும் எங்கே இருந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு பிடுங்கினாள். அவர் ஆறு திருகையும் கழற்றித் தட்டில் வரிசையாக வைத்தார். போர்டை ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, வேட்டியில் படாமல், சோத்துப்பானை மூடியிருந்த மரப்பலகையின் மேல் வைத்தார். அடியில் மூன்று இடத்தில் சின்னதாகக் கீறல். அதைச் செத்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கால்கள் கையால் திருகினால் அசையவில்லை. அவ்வளவு முடுக்கம். குறடை வைத்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். மூன்றாவது கழலும்போது கிரீச் என்று கேட்டது, சீனியம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். அவன் புரண்டு படுத்தான்.

போர்டை மறுபடி வைத்து ஆறு திருகையும் போட்டார். அவள் தாளைப் பார்த்துப் பார்த்து ஒயர்களை மாட்டினாள். மிக்ஸி மாட்டுகிற பிளக்கில் குத்தினாள். ஆண்டாளை நினைத்துக்கொண்டு அமுக்கினாள்.

விசிறி சுற்றியது. நிற்கவில்லை. உள்ளே இன்னொரு விசிறியும் சேர்ந்துகொண்டது. பச்சை விளக்கு எரிந்தது. திரை மாட்டாததால் பெட்டி தன் பாட்டுக்கு ஒரு நீளமும் இரண்டு குட்டையுமாகக் கூவியது.

வேல்சாமி அடுப்படி நிலையில் நின்றான். கன்னத்தில் தரையின் அச்சு விழுந்திருந்தது. பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"எப்படிட்டி?"

"ஒரு ஒயரு..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"ஒயரு இல்ல" என்றார் சுயம்புலிங்கம். அவளிடம் சொல்லவில்லை. மகனின் முகத்தைப் பார்த்தே சொன்னார். உள்ளங்கையை விரித்தார். மூன்று பித்தளைக் கால். "ஏலே வேலு, நாந்தான் போட்டேன். சும்மா கெடந்த ஓட்டையில. போர்டுல தொட்டிருக்கு. ஒன் வேலையில பிழை இல்ல."

இரண்டு வருஷத்தில் அவனிடம் அவர் நேராகப் பேசியது அதுதான். அவன் வாங்கிக்கொள்வான் என்று சீனியம்மாள் ஒரு கணம் நினைத்தாள். வேல்சாமியின் கண் அந்தக் கையிலிருந்து மேலே ஏறவில்லை.

"ஊர்ல இருந்து ஒருத்தன் வந்து எங் கைய மோட்டார் கட்டுற கையின்னு பேசிட்டுப் போறான். நேத்துல இருந்து எம் பொண்டாட்டிய வைதுக்கிட்டிருக்கேன்." பேச்சு அவளைப் பார்த்துத்தான் வந்தது. "எழுதித் தரச் சொல்லு."

"என்னங்க இது?"

"நோட்டுல எழுதுறதுதான பழக்கம். எம் பேருன்னா மட்டும் கை ஓடுமா? எழுதச் சொல்லு. கட்டம் போட்டு."

"எழுதுதேன்" என்றார் பெரியவர்.

பொழுது சாய்கிற வரை வேல்சாமிக்கு வேலை இருந்தது. பெட்டியைத் திரும்ப முன்னறைக்குக் கொண்டுவந்து, சிடியைப் போட்டு விண்டோஸை ஏற்றினான். நீலத் திரையில் கோடு ஒன்று எறும்பு மாதிரி ஊர்ந்தது. தமிழ் எழுத்துகளை ஃபிளாப்பியிலிருந்து இறக்கினான். பழைய பிரிண்டரை மாட்டினான். அவள் காப்பி போட்டு ஆளுக்கொரு தம்ளர் வைத்தாள். ஒருவர் முன்னறையிலும் ஒருவர் படியிலும் குடித்தார்கள்.

"அடிச்சுப் பாரு" என்று நாற்காலியை விட்டு எழுந்தான். "என்ன அடிக்கணும்னு தெரியும்ல."

அவள் உட்கார்ந்தாள். சுயம்புலிங்கம் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றார். வீட்டில் அவர் சட்டை போட்டு அவள் பார்த்தது அபூர்வம்.

"கட்டம் போட்டுட்டியாத்தா?"

"போட்டுட்டேன் மாமா."

"தேதி, நேத்து தேதியப் போடு. மிஷின்னு இருக்கா, கம்ப்யூட்டர்னு போடு. கோளாறு, மின்சாரம் ஏறவில்லை. காரணம்..." தொண்டையைச் செருமினார். "போர்டில் துவாரம் இல்லாத இடத்தில் மூன்று பித்தளைக் கால்கள் முடுக்கப்பட்டு, போர்டின் அடிப்பாகத்தில் தொட்டுக்கொண்டிருந்தது. பொறுப்பு, சுயம்புலிங்கம். கமா. ஃபிட்டர்."

அவள் விரல் பெயருக்கு முன்னால் நின்றது. "மாமா, பேரு வேண்டாமே."

"பேரு இல்லாம அது என்ன நோட்டு? அடி."

அடித்தாள்.

"நடவடிக்கைக்கு என்ன மாமா?"

"அத நான் சொல்லப்பிடாது. அது மேனேஜரு எழுதுறது."

பிரிண்டர் கிர் கிர் என்று தாளை இழுத்துத் துப்பியது. எழுத்துகள் அழகாகத்தான் விழுந்திருந்தன. அவர்கள் கம்ப்யூட்டர் முதன்முதலாக அடித்த தாள் அதுதான். வேல்சாமி ஓரத்துத் துளைப்பட்டையைக் கிழித்துவிட்டு நின்றபடியே படித்தான். ஒரு தடவை படிப்பதற்கு அவ்வளவு நேரம் ஆகாது.

"சிவப்புப் பேனா இருக்கா?"

அவள் பிழை திருத்த வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள். அவன் தாளை மேஜையில் வைத்துக் குனிந்தான். பேனா முனை ஆறாவது கட்டத்துக்கு மேல் நின்றது. பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேனேஜர் அறையிலும் அப்படித்தான் நின்றிருப்பார்.

வேல்சாமி பேனாவை மூடி மேஜையில் போட்டான்.

"காலியாக் கெடக்கட்டும்."

"ஏலே, காலியா விடப்பிடாது" என்றார் சுயம்புலிங்கம். குரல் முதன்முறையாக இறங்கியிருந்தது. "என்னமும் எழுது. வீட்ட விட்டுப் போன்னு வேணும்னாலும் எழுது. போறேன்."

"கெடக்கட்டும்னு சொல்லுட்டி."

திங்கட்கிழமை காலை ஷேர் வேனில் போனார்கள். கம்பளியில் சுற்றிய பெட்டி அவள் மடியில். மேஜையும் திரையும் பிரிண்டரும் பின்னால். ரோட்டில் பாதிக்கு மேல் மழை தின்றிருந்தது. வேன் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் அவள் பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். காசிராஜனே வந்து பொத்தானை அமுக்கினார். முதல் அமுக்கிலேயே வந்தது. அவர் ஒரு வாய்தா மனுவை மளமளவென்று சொன்னார், அவள் அவர் பேச்சுக்கு முந்தி அடித்துக் கொடுத்தாள். தாளைத் தூரத்தில் பிடித்துப் படித்துவிட்டு இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தார். எதிர்க் கடை நிழலில் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்ற சௌந்தரபாண்டியன் பத்தே கால் வரைகூட நிற்கவில்லை.

அன்று மத்தியானம் வேல்சாமி ஒரு காரியம் செய்தான். சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, கம்ப்யூட்டருக்கு மேல் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் குத்தினான். மனு எழுத வருகிறவர்கள் படித்துப் பார்த்துவிட்டு அது என்ன என்று கேட்பார்கள். அவன் பதில் சொல்ல மாட்டான். அவளும் சொல்ல மாட்டாள்.

பெரியவர் அந்த அறைக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்கே வந்தாலும் அந்தத் தெருவைத் தவிர்த்துவிட்டுப் போவார். ஆனால் சாயங்காலம் அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்துவிட்டுக் கேட்பார்.

"அந்தக் கடைசிக் கட்டத்துல என்னமும் எழுதியிருக்கானாத்தா?"

"இல்ல மாமா."

முதலில் தினமும் கேட்டார். பிறகு வாரத்துக்கு ஒரு தடவை. நான்காவது வருஷம் மார்கழியில் நெஞ்சுச் சளி இறுகிப் படுத்துவிட்டார். பேச்சு குறைந்தது. அதிலும் இதைக் கேட்டார்.

ஒருநாள் காலை அவள் அறைக்குப் போனதும் மனு எதையும் தொடவில்லை. பழைய ஃபைலைத் திறந்தாள். கட்டம் ஆறும் திரையில் வந்தன. ஆறாவது கட்டத்தில் கர்சர் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. வேல்சாமி சொன்னது மாதிரி இரண்டு சொல் அடித்து, பிரிண்ட் எடுத்து, சிவப்பில் ஒரு கையெழுத்தைக் கிறுக்கிக் கொண்டுபோய்க் கண்ணெதிரில் பிடித்தால் போதும். ஊரார் எல்லாருக்கும் அவள் என்னவெல்லாமோ அடித்துக் கொடுக்கிறாள். விரலைக் கட்டையில் வைத்தாள். மாமா சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றது ஞாபகம் வந்தது. அந்தக் கட்டத்தில் எழுத வேண்டியவர்தான் எழுத வேண்டும். ஃபைலை மூடிவிட்டாள்.

சாயங்காலம் கஞ்சியைக் கரண்டியால் ஊட்டும்போது அவர் கண்ணால் கேட்டார்.

"இல்ல மாமா. காலியாத்தான் கெடக்கு."

அவர் கஞ்சியை விழுங்கினார். நடை ஓரத்தில் வேல்சாமி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். உள்ளே வரவில்லை, போகவும் இல்லை.

"ஆட்டம் இருக்கா?" என்றார் பெரியவர்.

"எதுல மாமா?"

"அந்தப் போர்டுல. ஆறு திருகுதான போட்டோம்."

"இல்ல மாமா" என்று அவர் வாயைத் துடைத்துவிட்டாள். "அசையவே இல்ல."